பேண்டேஜ் துணியில் வடிகட்டிய பெட்ரோல்

பழைய கார்களில் பெட்ரோல் பம்போடு சேர்ந்து ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். டேங்க்கிலிருந்து வருகிற பெட்ரோல் அழுக்கை அதன் அடியில் விட்டுவிட்டு மேலே போக வேண்டும். என் மாமனாரின் ஆஸ்டின் காரில் இருந்த அந்தக் கிண்ணத்தை ஒரு நாள் காலையில் மெக்கானிக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் செங்கல்பொடி மாதிரி துரு படிந்திருந்தது. மாமனார் அதைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். வீட்டில் யாராவது அவருடைய தப்பை எடுத்துச் சொன்னாலும் அப்படித்தான் வேறு பக்கம் பார்ப்பார்.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் அவருக்கு இருந்தன. கட்டிக்கொடுத்த பெண் முதல் தடவை பிறந்த வீட்டுக்கு வரும்போது அந்தக் காரில்தான் வர வேண்டும், அவரே ஓட்டிப்போய்த்தான் கூட்டி வர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். மூத்த பெண்கள் அப்படித்தான் வந்தார்கள். கடைசி மகள், என் சின்ன நாத்தனார், யாரையும் கேட்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்தர் ஆபீசில் ஒரு பட்டாளத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே மாமனார் காரைத் தறிக்கொட்டகைக்குப் பக்கத்தில் தள்ளி நிறுத்தி, பெட்ரோலை எல்லாம் இறக்கிவிட்டார். "இனி இதுக்கு என்ன சோலி" என்றார். மகள் மேல் இருந்த கோபத்தைக் கார் மேல் காட்டினார். காலி டேங்க்கில் ஈரக்காற்று புகுந்து, இரண்டு மூன்று அடைமழைக்காலத்தில் உள்ளே துருப்பிடித்துப்போனது.

நாத்தனாரின் கணவருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலை மதுரை பஸ்ஸில் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டுக் கிளம்புகிறார்கள் என்று என் கணவர் வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டு வேளையில் சொன்னார். மாமனார் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "வண்டிய எடுக்கணும்" என்றார். "ஒரு வேளைச் சோறு நம்ம வீட்டுல தின்னுட்டுப் போகட்டும். பொறவு நானே மதுரையில கொண்டு விடுதேன்." முன்கூட்டியே சொல்லி அனுப்பலாமே என்றேன். "வரமாட்டேன்னுட்டா?" என்று கேட்டார். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"மொதலாளி, டேங்க்கைக் கழட்டிரணும். ஜல்லியப் போட்டு மண்ணெண்ணெயில குலுக்கிக் கழுவி, வெயில்ல காயவச்சு மாட்டணும். மூணு நாள் குடுங்க" என்றார் மெக்கானிக். கழற்றினால் ஞாயிறு தப்பிவிடும் என்று மாமனார் மறுத்துவிட்டார். கிண்ணத்தில் இருந்த கம்பி வலை துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் தறியில் நெய்த பேண்டேஜ் துணியை நாலாக மடித்து வெட்டி அந்த இடத்தில் வைத்தார். நூல் பிரியும் என்று மெக்கானிக் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் நம்ம துணிதான் காவலு. இம்புட்டுத் துருவ நிப்பாட்டாதாக்கும்?" என்றார் மாமனார். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தபோது கார் நன்றாகத்தான் ஓடியது. அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தோம்.

ஞாயிறு காலை என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மகளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அதற்குத்தான் நான். ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கார் இருமி நின்றது. கார்பரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் பீறிடும் ஊசித் துளையுள்ள ஜெட்டை வாயில் வைத்து ஊதினார். பெட்ரோலைத் துப்பினார். மாட்டினார். கொஞ்சம் ஓடியது, மறுபடி நின்றது. ஊசித் துளைக்குள் சிவந்துபோன வெள்ளை நூல் அடைத்திருந்தது. துருவைத் துணி தடுக்கவில்லை, துணியின் நூலும் துருவோடு சேர்ந்துகொண்டது.

அப்போது ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் தெரிந்தவர், விசில் ஊதி நிறுத்தினார். "ஏறுங்க மொதலாளி, வில்லிபுத்தூர்ல எறக்கி விடுதேன்."

"நீ போப்பா. இப்பம் கெளம்பிரும்."

"மாமா, ஏறிருவோம். நேரமாகுது" என்றேன். "முத மொதல்ல மகளக் கூப்பிடப் போறேன். பஸ்ஸுலயா தாயி போறது?" என்றார். பஸ் போய்விட்டது.

அவர் நூலை ஊதி எடுத்து மாட்டி, நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வழியனுப்ப வந்த நாத்தனாரின் பக்கத்து வீட்டம்மா மட்டும் நின்றிருந்தார். "இப்பந்தான் ஏறுனாவ. ராஜபாளையத்துல இருந்து வந்துச்சே, அந்த பஸ்ஸுலதான்." மாமனார் வண்டியைத் திருப்பி அந்த பஸ்ஸைத் துரத்தினார். மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவிலைக்கூட எட்டவில்லை, கார் நின்றுவிட்டது. இந்தத் தடவை கார்பரேட்டரைப் பிரிக்க அவர் இறங்கவில்லை.

மறுநாளே டேங்க்கைக் கழற்றக் கொடுத்தார். கழுவி, ஈயம் பற்றவைத்து, புதுக் கம்பி வலை போட்டு வந்தது. அதற்குப் பிறகு காற்றுக்கு இடம் விடாமல் டேங்க்கை எப்போதும் நிரப்பி வைப்பார். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்பார். என் கணவர் நடந்ததை எல்லாம் தங்கைக்கு எழுதினார். அடுத்த லீவில் வருகிறேன் என்று பதில் வந்தது. பட்டாளத்து லீவு, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று வந்து தட்டிப்போனது. சில வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம் மாமனார் தறிக்கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் இன்றும் கோபம் தீரவில்லை. இப்போது எங்கள் வீட்டுப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஏறாமல் விட்ட அந்த பஸ் படிக்கட்டுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

மாமனார் இறந்த சேதி தந்தியில் கிடைத்து நாத்தனார் ரயிலில் மதுரைக்கு வந்து இறங்கினாள். என் கணவரும் நானும் அதே காரில் போய்க் கூட்டிவந்தோம். அவள் பின்சீட்டில் என்னோடு உட்கார்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா பஸ்ஸுல வந்திருந்தாலும் நான் எறங்கி வந்திருப்பேனே மதினி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அண்ணே, செத்த நேரம் எங்கயாச்சும் நிப்பாட்டேன். வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு" என்றாள்.

என் கணவர் ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. அது ஒரு பிசிறும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.