ரூட் நாற்பத்திரண்டு எக்ஸ்

அந்த ட்யூஷன் சென்டரின் படிக்கட்டைப் பார்த்தாலே நான் இன்றைக்கும் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். கீழே பட்டுச் சேலைக் கடை, மேலே கணக்கு வகுப்பு. கோயிலில் கருட சேவைத் திருவிழா நடக்கும் அன்றைக்குக்கூட டெஸ்ட் வைப்பார்களாம். அதை ஊரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. டெஸ்டில் மார்க் குறைந்த பிள்ளைகளைப் பின்னால் ஒரு ஜன்னலில்லாத அறைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே பாடம் கிடையாது, விடைகளைப் பார்த்து எழுதும் வேலைதான்.

ஒன்பதாவது படித்த என் மகள் ஒருநாள் அழுதுகொண்டே வந்து பேப்பரை நீட்டினாள். √(50x) − √(8x) என்று கேள்வி. ஐம்பதை இருபத்தைந்து பெருக்கல் இரண்டு என்றும், எட்டை நான்கு பெருக்கல் இரண்டு என்றும் பிரித்து, ஐந்து ரூட் இரண்டு எக்ஸில் இரண்டு ரூட் இரண்டு எக்ஸ் போக மூன்று ரூட் இரண்டு எக்ஸ் என்று அழகாக முடித்திருந்தாள். அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் "சரியான விடை √(42x)". ஐம்பதில் எட்டை வேருக்குள்ளேயே கழித்திருக்கிறார்கள்! கணிதத்தில் பட்டம் வாங்கிய எனக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா திருத்தியிருக்காங்க. நாளைலருந்து நான் பின் ரூமு" என்றாள்.

மறுநாள் நேரே போய் நின்றேன். சென்டரை நடத்துகிறவர் முன்பு தறிக்கு அட்டை குத்தும் பட்டறை வைத்திருந்தவர். அந்த அட்டையில் விழும் துளைகளை வைத்துத்தான் சேலையில் மயிலும் மாங்காயும் வரும்.

"சார், எக்ஸுக்கு ரெண்டு போட்டுப் பாருங்க. ரூட் நூறுல ரூட் பதினாறு போனா, பத்துல நாலு போயி ஆறு. உங்க விடை ரூட் எண்பத்துநாலு, ஒன்பதுக்கு மேல வருது. எப்படி சார்?"

அவர் பேனாவைக்கூடத் தொடவில்லை. "கேள்வில எக்ஸுன்னுதானேமா இருக்குது? ரெண்டுன்னு எங்க போட்டிருக்குது?"

எக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஆள் கணக்கு வகுப்பு நடத்துகிறார். தெரியாததைக்கூட மன்னித்துவிடலாம். அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

"சரிமா, தப்புன்னே வெச்சிக்கோ. பேட்ச் பூரா இந்த விடைய வெச்சுத்தான் திருத்தியாச்சு. பாதி சேலை ஓடினப்புறம் எவனாவது அட்டைய மாத்துவானா? ஒடம்பு ஒரு டிசைனு, முந்தானை ஒரு டிசைனுன்னு ஆயிடாது?"

"எங்க வீட்லயும் தறி ஓடிச்சு சார். அட்டை தப்புன்னு தெரிஞ்சா தறிய நிறுத்திட்டு, நெய்ததைப் பிரிச்சுட்டுத்தான் மேல ஓட்டுவாங்க" என்று கத்தினேன். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த ஓர் அம்மா, "ஒரு மார்க்குக்கு இன்னாத்துக்குமா இவ்ளோ சத்தம் போட்டுக்கினு?" என்றாள். அந்த மனிதரைவிட அவள்மேல்தான் எனக்கு அருவருப்பு அதிகமாக வந்தது. அவள் பிள்ளைக்கும் சேர்த்துத்தானே நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, "நீ போட்டதுதான் சரி. யார் சொன்னாலும் மாத்தாதே. அந்த சென்டரே வேண்டாம், நானே சொல்லித் தரேன்" என்றேன். சிநேகிதிகளெல்லாம் அங்கே இருக்கிறார்கள், அடுத்த டெஸ்ட்டை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடுகிறேன் என்று கெஞ்சினாள். விட்டேன்.

அந்த டெஸ்டில் √(27y) − √(12y). முழு மார்க் வாங்கி வந்தாள். பேப்பரைப் பிரித்தேன். √(15y) என்று முத்துமுத்தாக எழுதியிருந்தாள்.

"உனக்கு நிஜமாவே தெரியலையாடி?"

"ஏம்மா தெரியாது? ரூட் மூணு ஒய்." கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டே சொன்னாள். "ஸ்கூல்ல கேட்டா உன் விடை, ட்யூஷன்ல கேட்டா அவங்க விடை. ரெண்டுமே எனக்கு வரும்மா."

அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.