பிள்ளைப்பாக்கத்தில் அம்மாவின் இடது கண்

காலை ஏழே முக்காலுக்குத் தாம்பரத்தில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். மடியில் போர்வை சுற்றிய படம். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "டிவியா சார்? லக்கேஜ் போடணும்" என்றார்.

"எங்கம்மா" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

பொய்யில்லை. எனக்கு ஒன்றரை வயதில் அம்மா இறந்துவிட்டாள். கல்யாண ஆல்பத்தை வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சியது பட்டுப்புடவையில் அம்மா சிரிக்கிற இந்த ஆயில் பெயிண்டிங் ஒன்றுதான். அதிலும் இடது கண்ணும் கன்னமும் ஊறி உரிந்துவிட்டன. பழைய படங்களைச் சரிசெய்கிறவர் கைவிரித்தார். "ஒரு கண்ணு வரைஞ்சிடலாம் சார். ஆனா அது உங்கம்மா கண்ணா இருக்காது. வரைஞ்சவரைக் கண்டுபிடிங்க." அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், கேட்க ஆளில்லை. படத்தின் மூலையில் மட்டும் சிவப்பில் ஒரு கையெழுத்து: செ. லூர்துசாமி, பிள்ளைப்பாக்கம். ஊர்ப் பெயரும் சேர்த்துப் போட்ட அந்த ஓவியரை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

படப்பை தாண்டியதும் பஸ் ஊர ஆரம்பித்தது. ஒரகடத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ஷிப்டுக்குப் பிந்தியவர்கள் கழுத்தில் அடையாள அட்டை ஆட இறங்கி ஓடினார்கள். லூர்துசாமி இருந்தால் எழுபதைத் தாண்டியிருக்கும். இருந்தால்.

ஒன்பதே கால், ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து பிள்ளைப்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"லூர்துசாமின்னு ஒரு ஓவியர்..." என்று இழுத்தேன்.

"ஓவியரா?" டிரைவர் யோசித்தார். "லூர்து தாத்தா ஒருத்தர் கீறாரு. மாதா கோயில் தெரு, நீல கேட்டு. காலைல கூட டீக்கடைல பாத்தேன். வரைவாரான்னு தெரியாது சார்."

இருக்கிறார்! எனக்குப் பாதி உயிர் வந்தது.

நீல கேட்டைத் திறந்தவர் லூர்துசாமியேதான். உட்கார வைத்தார். ஓர் அம்மாள் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் போர்வையைப் பிரித்தேன். பெரியவர் குனிந்து பார்த்தார்.

"அட, சரோஜா! பேரு நம்ப பேருதான். ஆனா நான் வரையலியே. எனக்குப் பென்சில் புடிக்கவே தெரியாது."

சப்பென்று ஆகிவிட்டது. "அப்போ உங்க பேர் எப்படிங்க வந்துச்சு?"

அவர் என் கையிலிருந்த டம்ளரைக் காட்டினார். அதில் 'இரா. கோபால், வாலாஜாபாத்' என்று பொறித்திருந்தது.

"எங்க கல்யாணத்துக்கு வச்சிக் குடுத்தாரு. இந்த டம்ளர கோபாலா செஞ்சாரு?"

என் வீட்டு அலமாரியிலும் குடத்திலிருந்து கரண்டிவரை கொடுத்தவர் பேர் வெட்டிய பாத்திரங்கள்தான். அதிலேயே தின்று வளர்ந்தவனுக்கு இது தோன்றவில்லை. அசடு வழிந்தபடி, "அப்போ வரைஞ்சது?" என்றேன்.

அவர் உள்ளே திரும்பினார். "செசிலி! சரோஜா புள்ள வந்துகிறான் பாரு!"

டீ கொடுத்த அம்மாள்தான் வந்தார். படத்தின் முன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் அம்மாவும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்சாம்.

"நான்தாம்பா வரைஞ்சேன். கல்யாணத்துக்குக் குடுக்கறதுன்னா ஆம்பள பேருதானே போடுவாங்க? இவரு பேரப் போட்டேன்."

இப்போதும் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் வருகிற வானமும் மலையும் அவர் கைவேலைதான் என்று பெரியவர் பெருமையாகச் சொன்னார்.

"போட்டோ எதுவும் இல்லீங்கம்மா. அந்தக் கண்ணு ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

செசிலியம்மா என் முகத்தையே பார்த்தார். "சிரி" என்றார்.

சிரித்தேன்.

"இதோ கீதே! சிரிச்சா அவளுக்கும் இந்தக் கண்ணு மட்டும் சின்னதா ஆயிடும். படத்த வுட்டுட்டுப் போ. பத்து நாள்ல முடிச்சிடறேன்."

அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை, நிம்மதியாக இருந்தது.

கிளம்பும்போது, இந்த முறை அவர் பேரைப் போடச் சொன்னேன். "என் பேர அழிச்சிடு" என்றார் லூர்துசாமி. "அது கெடக்கட்டும், பக்கத்துல எடம் கீது" என்றார் அந்த அம்மாள்.

மதியம் பன்னிரண்டரைக்குத் திரும்பும் பஸ்ஸில் வெறுங்கையோடு உட்கார்ந்தேன். காலையில் வந்த அதே கண்டக்டர். என் மடியைப் பார்த்துத் தயங்கினார்.

"அம்மா எங்க சார்?"

"சிநேகிதி வீட்ல இருக்காங்க. பத்து நாள் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போகணும்" என்றேன்.