வீட்டு வாசலில் ஆயில் மாற்றுகிறவன்

ஊரெல்லாம் நின்றுகொண்டு பார்க்கிற காரை, மல்லாக்கப் படுத்துக்கொண்டு பார்க்கிற தொழில் என்னுடையது. அடியில் கிடப்பவனிடம் மரியாதையாகப் பேசவேண்டும் என்று மேலே நிற்பவர்களுக்குத் தோன்றுவதில்லை, முகம் தெரிந்தால்தானே! வீடு வீடாகப் போய் மோட்டார் கழற்றுகிற, ஏசி கழுவுகிற, குழாய் அடைப்பு எடுக்கிற சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

திருச்சியில் ஒரு சர்வீஸ் சென்டரில் பதினாறு வருஷம் இருந்தேன். ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். இலுப்பூருக்கே திரும்பி வந்து, பைக்கின் பின்னால் ஜாக்கி, ஸ்பேனர், ஆயில் பிடிக்கிற தட்டு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, கூப்பிடுகிற வீட்டுக்குப் போய் என்ஜின் ஆயில் மாற்றிக் கொடுக்கிறேன். ஷெட் போட வசதி இல்லை. நாற்பத்தேழு வயதுக்காரனுக்குப் புதிதாக எவரும் வேலை தரப்போவதும் இல்லை. போன் அடித்தால்தான் பிழைப்பு. அடிக்காவிட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

வெள்ளியும் சனியும்

திருமயத்தில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு. வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொன்னார். போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயில் முழுக்கத் தட்டில் வடிந்து, புது ஆயிலும் ஊற்றியாகிவிட்டது. கிளம்பும்போது அவர் சம்சாரம் குறுக்கே வந்து நின்றார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுல இருந்து எண்ணெய் வெளிய போகப்படாதுங்க" என்றார். இது தீய்ந்துபோன கருப்பு ஆயில், விளக்கெண்ணெய் இல்லை என்றேன். "எண்ணெய் எண்ணெய்தானே?" என்றார். முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்த வாத்தியார் அந்த நேரம் பார்த்துத் தென்னை மரத்தில் எத்தனை குலை என்று எண்ணத் தொடங்கிவிட்டார்.

தட்டை ஆயிலோடு அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். தட்டு இல்லாததால் மத்தியானம் ஒப்புக்கொண்டிருந்த இன்னொரு வீட்டு வேலை போயிற்று. அந்த வீட்டுக்காரர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. மறுநாள் அவ்வளவு தூரம் மறுபடி வண்டி ஓட்டிக்கொண்டு போனால், அந்த அம்மா கேட்டைத் திறந்து வைத்துச் சிரித்த முகமாய்க் காத்திருந்தார். "சனிக்கிழம எண்ணெய் குடுத்தா சனி வெலகிரும்னு சொல்லுவாங்க. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம நீங்களே கொண்டுக்கிட்டுப் போயிருங்க தம்பி."

சிங்கப்பூர் மேற்பார்வை

இன்னொரு வீட்டில், மகன் சிங்கப்பூரில். கார் இங்கே, அம்மாவின் பொறுப்பில். நான் காருக்கு அடியில் நுழைந்ததுமே அந்த அம்மா வீடியோ காலைப் போட்டு, போனை என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். மகன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் பேசினார். "அந்தாளு வடிக்கிற ஆயிலையே திரும்ப ஊத்திருவாரு. அங்கிட்டுக் காட்டும்மா. டப்பா சீலைக் காட்டு. இன்னொரு தடவ காட்டு."

சீலை உடைத்துக் காட்டினேன். உடைத்த சீலை மறுபடியும் காட்டினேன். பதினாறு வருஷத்தில் ஒரு வாஷரைக்கூட வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவன் இல்லை நான். அடியில் படுத்திருந்தபோது கண்ணில் விழுந்தது ஆயில் சொட்டா என்ன என்று எனக்கே தெரியவில்லை. அவமானமாக இருந்தது, வேறென்ன சொல்ல. எல்லாம் முடிந்து எழுந்ததும் அந்த அம்மா போனை அணைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "அவன் கெடக்கான், நீங்க மனசுல வச்சுக்காதீங்க தம்பி. நான் கண்ணக் கொட்டாமப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், நீங்க ஒண்ணும் திருடல."

நல்ல மாணவர்

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் மரியாதையாகப் பேசினால் மனசு உருகிவிடாதா? இலுப்பூரிலேயே ஒரு பேங்க் ஊழியர், முப்பது வயது இருக்கும். எனக்குப் பக்கத்தில் பாயை விரித்துத் தானும் படுத்துக்கொண்டார். இது என்னண்ணே, அது எதுக்குண்ணே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "வீடியோ எடுத்துக்கிறவாண்ணே, எனக்கு ஞாபகத்துக்கு" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். இந்த மாடல் காரில் அடியில் இரண்டு போல்ட் இருக்கும், பார்க்க ஒரே மாதிரி. "இந்தப் பக்கம் இருக்கிறதுதான் என்ஜின் ஆயில் போல்ட். அந்தப் பக்கம் இருக்கிறது கியர்பாக்ஸ் போல்ட்டு. தெரியாம அதைக் கழட்டிட்டா வண்டி போச்சு" என்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன். இரண்டு தடவை காபி வந்தது. புறப்படும்போது கையெடுத்துக் கும்பிட்டார். "அருமையாச் சொல்லிக் குடுத்தீங்கண்ணே. இனிமே ஒங்களத் தொந்தரவே பண்ணமாட்டேன்."

என்னைவிட நல்ல மெக்கானிக்

அதற்குப் பிறகு நாலைந்து மாதத்தில் போன் அடிப்பது குறைந்துபோயிற்று. ஏன் என்று புரியவில்லை. ஒருநாள் செல்போன் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அவர் கார் தரையோடு தரையாகத் தாழ்ந்த கார். ஜாக்கி இல்லாத குறைதான், இல்லாவிட்டால் அவரே செய்திருப்பாராம். நான் வேலை செய்யச் செய்ய, கையில் போனை வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டே வந்தார். "வாஷர் புதுசு போடலையா? இவரு போடுறாரு பாருங்க." புது வாஷர் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

யார் அந்த 'இவரு' என்று எட்டிப் பார்த்தேன். முகம் இல்லை, இரண்டு கை மட்டும். இடது கை ஆள்காட்டி விரலில் பாதி நகம் இல்லை. என் விரல். பேங்க் தம்பி என் முக்கால் மணி நேரத்தை நாலு நிமிஷமாக நறுக்கி இணையத்தில் போட்டிருந்தார்; ஏகப்பட்ட பேர் பார்த்திருந்தார்கள். போன் ஏன் அடிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. என் பிழைப்பை நானே பாயில் படுத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "இது நான்தாங்க" என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவர் விரலையும் பார்த்தார், போனையும் பார்த்தார், சிரித்துவிட்டார். "அட போங்கண்ணே. அவரு எவ்வளவு பொறுமையாப் பேசுறாரு!"

மாப்பிள்ளை

என் தங்கச்சி புருஷன் வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். அந்த ஒரு காரை நம்பித்தான் தங்கச்சியும் இரண்டு பெண் பிள்ளைகளும். போன மாதம் ஒரு காலையில் கூப்பிட்டார். குடுமியான்மலைக்குக் கோயில் சவாரி போன இடத்தில் கார் கத்திக்கொண்டே வந்து ரோட்டோரம் நின்றுவிட்டதாம். பின்னால் ஒரே புகையாம். சவாரிக்கு வந்தவர்கள் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்து புழுதியில் படுத்து அடியில் பார்த்தேன். இதுவும் அந்த இரண்டு போல்ட் மாடல்தான். என்ஜின் ஆயில் போல்ட் மண் அப்பியபடி அப்படியே இருந்தது. கியர்பாக்ஸ் போல்ட்டில் மட்டும் ஸ்பேனர் பட்ட தடம் பளபளவென்று இருந்தது.

அதற்கு மூன்று நாளைக்கு முன்னால் போனில் வீடியோ பார்த்து வீட்டிலேயே ஆயில் மாற்றினாராம். வடிந்த ஆயில் தேன் மாதிரி இருந்ததாம். நம்ம வண்டியில் ஆயில் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாராம். வடிந்தது கியர் ஆயில். அதற்குப் பிறகு புது என்ஜின் ஆயிலைப் பழைய ஆயிலின் மேலேயே ஒரு டப்பா முழுக்க ஊற்றியிருக்கிறார். போனை வாங்கி அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தேன். இரண்டு போல்ட் என்று நான் சொன்ன இடத்தைப் பேங்க் தம்பி நீளம் கருதி வெட்டியிருந்தார். கியர்பாக்ஸ் அவ்வளவுதான், என்ஜினையும் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. யார் என்றே தெரியாமல் முகம் இல்லாத ஒரு வீடியோவை நம்பியிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கூப்பிடுற தூரத்துல மச்சான் ஒருத்தன் இருக்கேன்ல மாப்ள? ஊரான் வீடியோவப் பாத்தா வண்டியில கை வைப்பீங்க?" என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "ஊரான் வீடியோவா இருந்தா நான் தொட்டுருக்கவே மாட்டேன் மச்சான். கொரலக் கேட்டதுமே நீங்கதான்னு தெரிஞ்சு போச்சு. அந்த நம்பிக்கையிலதான் கழட்டுனேன்."

என்னை நம்பாதவர்களின் கார்கள் எல்லாம் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.