சைக்கிள் லிஸ்டும் வண்டி லிஸ்டும்

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். எனக்கு வாய்த்தவள் செல்லூர்க்காரி. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவாள். என்னோடு தமிழில் சண்டை போடுவாள். நான் மேலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனாலேயே யாரிடமும் சந்தேகம் கேட்க எனக்குப் பிடிக்காது. அவளிடம் மட்டும் கேட்பேன்.

ஜாவா என்ற கணினி மொழியில் ஜெனரிக்ஸ் புதிதாக வந்திருந்த நேரம். ஒரு லிஸ்டுக்குள் எந்த வகைப் பொருள் மட்டும் இருக்கலாம் என்று முன்பே எழுதிவைக்கும் முறை அது. வண்டி என்ற வகைக்கு ஒரு கிளாஸ் எழுதி, சைக்கிளையும் லாரியையும் அதன் வாரிசுகளாக்கினேன். வண்டிகளின் லிஸ்டைக் கேட்ட இடத்தில் சைக்கிள்களின் லிஸ்டைக் கொடுத்தேன். எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் அதை ஏற்கவில்லை.

"சைக்கிளும் வண்டிதானடி?"

"வண்டிதான். அதுக்காக சைக்கிள் ஸ்டாண்டுல 'வண்டி ஸ்டாண்டு'ன்னு போர்டு மாட்டுவியா? உங்க ஊரு கல்லு லாரிய ஒருத்தன் கொண்டாந்து உள்ள நிறுத்துவான். சைக்கிள் எடுக்க வாரவன் லாரியவா மிதிச்சுக்கிட்டுப் போவான்?"

"எங்க ஊரு லாரின்னா அம்புட்டு எளப்பமா?"

"லாரி இல்லடி, நீதான் எளப்பம்."

இருவரும் ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும். எனக்கு அப்போதிருந்த ஆசை அது ஒன்றுதான். சென்னைக் கம்பெனி ஆள் எடுக்க வந்தபோது அவள் பெயர் கொடுக்கவில்லை.

"மதுரையத் தாண்டி விட மாட்டாங்கடி."

"எங்க வீட்டுல கையெழுத்துப் போடத் தெரியாதவுக. அவுகளே விடுறாக."

"அதான். எங்க வீட்டுல எல்லாரும் படிச்சவங்க. ஆளுக்கு ஒரு கருத்து இருக்கு."

நான் மட்டும் போனேன்.

சென்னையில் ஒரு மதியம், ஜாவாவிலேயே எந்த வகை வண்டியின் லிஸ்டையும் ஏற்கும்படி எழுத வழி இருப்பதைக் கண்டேன். உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கலாம். புதிதாக எதையும் சேர்க்க முடியாது. அவளுடைய லாரிக்காரனுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் இருந்தவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார்.

மாலையில் செல்லூர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார்.

"டியூசன் எடுத்துக்கிட்டு இருக்காம்மா. ஏதும் சொல்லணுமா?"

சொல்ல நிறைய இருந்தது. அவர் வழியாகச் சொல்ல முடியாது. பின்னால் அவள் யாரையோ, "இது கூடவா தெரியல?" என்று அதட்டும் குரல் கேட்டது. அதை இன்னும் கொஞ்ச நேரம் கேட்பதற்காக, மதுரையில் மழை உண்டா என்று அம்மாவிடம் விசாரித்தேன்.