வண்டி திரும்பும் வட்டம்

மலேசியாவின் கூலாயில் எங்கள் தாமானில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், எங்கள் வீடுதான் கடைசி. அதற்கு அப்பால் சாலை முட்டி நின்றுவிடும். முட்டுகிற இடத்தில் வண்டிகள் திரும்புவதற்கென்று ஒரு தார் வட்டம். வரைபடம் போட்டவனுக்கு அது வண்டி திரும்பும் இடம், அவ்வளவுதான். எங்களுக்கோ கல்யாணம், பொங்கல், துக்கம் எல்லாமே அங்கேதான். வரிசை வீட்டு முன்கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தால் அடுத்து வருகிறவர் சமையலறையில்தான் நிற்க வேண்டும். அதனால் யார் வீட்டில் என்ன நடந்தாலும் கெமாவை, அந்தப் பெரிய கூடாரத்தை, வட்டத்தில் போட்டுவிடுவோம். சாலை அடைபடாது. மலாய்க்காரர், சீனர், நாங்கள், எல்லாருக்கும் ஒரே வழக்கம்.

அந்த வட்டத்தில் இன்னொரு வீடு கட்டலாம் என்று வீடமைப்பு நிறுவனத்துக்குத் தோன்றிவிட்டது. வட்டம் வேண்டாம், மனை அகலம் விதியைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்கு விட வேண்டிய இடைவெளியிலும் கொஞ்சம் தளர்த்திக்கொடுங்கள் என்று நகராட்சியிடம் விதிவிலக்குக் கேட்டிருந்தார்கள். நகராட்சி அனுப்பிய அறிவிப்பில் அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையைப் பின்பக்கம் ஒரு முழம் நீட்டிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டபோது, விதி விதிதான் என்று கையை விரித்த அதே அலுவலகம் அது.

அப்பா அப்போது முன்கூடத்துக் கட்டிலில் இருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் பிராணவாயுக் கலன். வாய் மட்டும் ஓயவில்லை.

"இங்க பாரு, நான் செத்தா பொது மண்டபத்துக்கெல்லாம் என்னைத் தூக்கிட்டுப் போயிடாதே. இது என் வீடு. இந்த வாசல்லேருந்துதான் கெளம்புவேன்."

"இப்ப என்ன அவசரம்? முதல்ல கஞ்சியைக் குடிங்கப்பா," என்றேன். ஆனால் அவர் சொன்னது நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. வட்டம் போனால் கெமாவைச் சாலையை அடைத்துத்தான் போட வேண்டும். அப்போது சவ வண்டி எங்கள் வாசலுக்கு வராது. அப்பாவை எடுப்பதற்கு முந்தின நாளே மண்டபம் எதிலாவது கொண்டுபோய் வைக்க வேண்டியதுதான். அதை நான் விடுவதாக இல்லை.

ஆட்சேபம் சொல்ல நகராட்சி கூப்பிட்ட கூட்டத்துக்குப் போனேன். கழுத்துப்பட்டை கட்டிய நிறுவனத்து இளைஞர் ஒருவர் சுவரில் படம் காட்டினார். படத்தில் மரங்கள் இருந்தன, புல் இருந்தது, கெமா மட்டும் இல்லை. "சின்ன விலக்குதான்," என்றார். நான் எழுந்து மலாயில் கேட்டேன்: கெமாவை எங்கே போடுவது?

தாமானில் பொது மண்டபம் இருக்கிறதே என்றார் நகராட்சி அதிகாரி.

"கல்யாணத்துக்கு மண்டபம் சரி. என் அப்பா அவர் வீட்டிலிருந்துதான் போவார்."

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அப்பா எப்போது தவறினார் என்று மெதுவாகக் கேட்டார்.

"தவறவில்லை. வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார்."

கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விலக்கு கிடைத்துவிட்டது, எனக்கல்ல, அவர்களுக்கு.

வட்டத்தைச் சுற்றி முளை அடித்துச் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். அந்த மாதமே ஒரு விடியற்காலையில் அப்பா போய்விட்டார். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கெமாக்காரருக்குப் போன் போட்டேன்.

"எங்க போடணும்க்கா?"

"எப்பவும் போடுற எடத்துலதான்."

"அங்க நாடா கட்டியிருக்காங்களே?"

"அவுத்துட்டுப் போடுங்க."

எதிர்வீட்டு மலாய்க்காரர், பேருந்து ஓட்டுபவர், தானே வந்து முளைகளைப் பிடுங்கிச் சாக்கடை ஓரமாக அடுக்கி வைத்தார். கெமா எழுந்துவிட்டது, நாற்காலிகளும் போட்டாகிவிட்டது. யாரோ சொல்லியிருக்க வேண்டும், நிறுவனத்து மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நம்மவர்தான்.

"அக்கா, இது இப்ப ரோடு இல்ல, வீடு கட்டுற லாட்டு. இங்க கெமா போடக் கூடாதுலா."

"எங்கப்பா கெளம்புற வரைக்கும் இது ரோடு. அதுக்கப்புறம் வந்து பேசுங்க."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, திறந்திருந்த கதவு வழியே அப்பாவைப் பார்த்தார். பிறகு கெமாவுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார். சவ வண்டி பின்பக்கமாகவே ஊர்ந்து வாசல்வரை வந்தது. அப்பா அவர் சொன்னபடியே கிளம்பினார்.

மறுநாள் கெமாவைக் கழற்ற ஆள் வந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். கழற்ற வேண்டாம், சனிக்கிழமை அவர் மகளுக்குக் கெந்தூரி, கல்யாண விருந்து என்றார். அது முடிந்ததும் சீனர் வீட்டு விருந்து. அதற்குள் அப்பாவின் பதினாறாம் நாள் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு வீட்டில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. இல்லாவிட்டால் ஏற்படுத்திக்கொள்கிறோம். போன வாரம் ஒரு பையனின் பிறந்தநாளுக்கு ஊரே சாப்பிட்டது.

நிறுவனத்துக்காரர்கள் இரண்டு தடவை வந்து பார்த்தார்கள். இரண்டு தடவையும் பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னோம். கையில் அனுமதி வைத்திருக்கிறார்கள், என்றைக்காவது இயந்திரத்தோடு வருவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வரட்டும். என் முறை வரும்போது நானும் இந்த வாசலிலிருந்துதான் கிளம்புவேன். அதற்கு இப்போதே இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.