கை காட்டும்வரை

நம்பாவிட்டால் போகட்டும், இது நடந்தது. நடந்தது என் அத்தானுக்கு. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர். சர்வேயர். நிலத்தை அளப்பதோடு சரி, கதை அளக்க வராது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ஓவர்டைம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கிளைக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். காலையில் பாதுகாப்பு அதிகாரி கூட்டம் போட்டார்.

"நம்மது மூளை வேலை. விபத்து விகிதம் ரொம்பக் கம்மி. நம்ம கிளைல சாவு பூஜ்யம்!"

"மீட்டிங்ல தூங்கி நாற்காலியோட விழுந்தா கணக்குல வருமா சார்?" என்றார் வரைபடம் போடுகிறவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அத்தான் தன் காரில் தனியாகக் கிளம்பினார். அகலப்படுத்தப்போகும் ஒரு சாலை வளைவை அளக்க வேண்டும். முன்பெல்லாம் முக்காலிமேல் நிற்கும் அளவைக் கருவிக்குப் பின்னால் ஒருவர், தூரத்தில் கோல் பிடிக்க ஒருவர். அளந்து முடித்ததும் கருவிக்காரர் கையைத் தூக்கி இறக்குவார். அந்தச் சைகை வரும்வரை கோல்காரர் இம்மியும் நகரக்கூடாது. இப்போது கருவிக்கே புத்தி வந்துவிட்டது. கோலின் உச்சியில் இருக்கும் கண்ணாடியைத் தானே தேடிப் பிடிக்கும். பிடித்தால் 'பீப்' என்னும். கோல் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். கோல்காரருக்கு வேலை போயிற்று. அத்தானுக்குப் பேச்சுத்துணை போயிற்று.

மதியம். ஒரு வண்டி இல்லை, ஒரு காக்கை இல்லை. கோலைப் புல்லில் கிடத்தி, கண்ணாடிமேல் தொப்பியைக் கவிழ்த்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அக்கா போனில் வந்தாள்.

"தனியா ரோட்டோரத்துல நிக்கிறீங்களே... ஏதாவது ஆச்சுன்னா யாருக்குத் தெரியும்?"

"மெஷினுக்குத் தெரியும். நல்லவேளை, அது சோத்துல பங்கு கேக்காது."

போனை வைத்தார்.

பீப்.

நிமிர்ந்தார். கருவி கோலின் பக்கம் பார்க்கவில்லை. வளைவின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தது... எதையோ பிடித்துவிட்டது. திரையில் தூரம்: நாற்பது மீட்டர்.

"வெயில்ல உனக்கும் மண்டை குழம்பிடுச்சா?" என்று கையைத் துடைத்துக்கொண்டே போய், கருவியின் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

நடுரோட்டில் ஒரு ஆள். நெட்டையாக. கோலை நேராகப் பிடித்து, அசையாமல், இவரையே பார்த்துக்கொண்டு... 'சரியா சார்?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான்.

கண்ணை எடுத்தார். வெறும் ரோடு.

வைத்தார். இருந்தான்.

பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே... அத்தானின் கை அவரைக் கேட்காமலே மேலே போய், கீழே இறங்கியது.

முடிஞ்சது. வா.

க்ர்ர்ர்... கருவி மெல்லத் திரும்பத் தொடங்கியது.

முப்பது மீட்டர்.

பதினைந்து.

நான்கு...

அவரைத் தாண்டித் திரும்பியது.

நின்றது. காரைப் பார்த்து.

எல்லாவற்றையும் வாரிப் பின்சீட்டில் போட்டு வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்றது வண்டி.

சீட் காலி.

அந்த பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

மறுநாள் வரைபடக்காரரிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

"அந்த வளைவா? எங்க குச்சியண்ணன் போன இடம் சார் அது. கோல் பிடிச்சுப் பிடிச்சு அந்தப் பேரு. உங்களுக்கு முன்னாடி இருந்த சர்வேயர் போன் வந்துச்சுன்னு பேசிட்டே நிழலுக்குப் போயிட்டாரு. கை காட்டல. அண்ணனும் நகரல. லாரி வந்துடுச்சு."

"பூஜ்யம்னாங்களே?"

"அது சாலை விபத்து சார். நம்ம கணக்குல வராது."

போன வாரம் அக்காவோடும் அத்தானோடும் வெளியே போகக் கிளம்பினேன். காரின் முன்கதவில் கை வைத்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். உள்ளே, காலி சீட்டின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது.

"பின்னாடி ஏறுடா," என்றாள். "அங்க ஆள் இருக்கு."