வலைக்கு ஒரு பங்கு

பெங்களூருக்குச் சென்ட்ரிங் வேலைக்குப் போன மற்ற பையன்களின் சனிக்கிழமைச் சம்பளம் சினிமாவிலும் பிரியாணியிலும் கரைந்தது. ராமகுப்பத்துத் தனசேகர் மட்டும் வேட்டைக்கென்று எடுத்து வைத்தான். அம்மா ருக்மணிக்கு அனுப்பி, அறை வாடகை கொடுத்து, மிச்சத்தைத் தனியாக மடித்து வைப்பான். அதற்காகப் பீடியை விட்டான், சாயங்கால டீயை விட்டான். முதல் வருஷம் நைலான் முயல்வலை வாங்கினான். அடுத்த வருஷம் முள்ளுக்குத் தாங்கும் கேன்வாஸ் ஷூ. ரயில் சார்ஜும் தயாராக இருந்தது. லீவுதான் கிடைக்கவில்லை. அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

சங்கராந்திக்கு மறுநாள் ஊர் ஆம்பளைகள் எல்லாம் கரட்டுக் காட்டுக்கு வேட்டைக்குப் போவார்கள், பாரஸ்ட்காரன் காதுக்கு எட்டாமல். கிடைத்த கறியில், முயலை விரட்டி ஓடின ஆளுக்கு ஒரு பங்கு, நாய்க்கு அரைப் பங்கு, வலைக்கு ஒரு பங்கு. இரண்டு வருஷமாகத் தனசேகரின் வலை மட்டும் கூட்டாளி ரங்கனோடு போய்வந்தது. இந்த வருஷம் தானே வேட்டையில் ஓடிவிட வேண்டும் என்று அவனுக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

"காங்கிரீட் போட்டுக்கினு இருக்கசொல்ல ஊருக்குப் போறேன்றியே," என்றார் மேஸ்திரி திருவேங்கடம். "போ. அப்பால இங்க வராத."

வேலை போய்விடுமே என்று வேட்டை நாள் விடியும்வரை காங்கிரீட் சுமந்தான். ரயிலில் நின்றபடியே தூங்கி, குப்பம் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஏரிக்கரைக்கு நடந்தான். அங்கே கறி பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் காலிலும் முள் கிழித்த ரத்தம். இவன் ஷூவில் மண்கூட ஒட்டவில்லை.

"தனசேகர் வலைக்கு ஒண்ணு," என்று ரங்கன் ஒரு பங்கை இலையில் வைத்துக் கொடுத்தான். தனசேகர் நகரவில்லை.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கற? ஓடனவனுக்குத்தான் ஆள் பங்கு," என்றான் ரங்கன். அப்புறம் ஆறுதலாகவே சொன்னான்: "நீ அலைஞ்சுக்கினு வரணும்னு இல்லடா. வல வந்தா போதும்."

இலையைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலுக்கே ஓடிவந்த ருக்மணிக்கு வாயெல்லாம் பல்.

"வந்துட்டியா நைனா! வேட்டைக்குப் போயிட்டா வர?"

"வல போச்சும்மா," என்றான் தனசேகர். "நான் போவல."

குழம்பு கொதிக்குமுன்னே, ஷூவைக் கழற்றாமலே தூங்கிவிட்டான்.